கருவிழிச் சக்கரவர்த்தி

மார்ச் 9

அன்பு மருமகளுக்கு,

உன் போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். வாழ்த்துகள். தீயணைப்புத் துறையில் நான் இருந்த காலம் முழுக்க எந்த நெருப்பும் என்னை வாசலில் நிறுத்தியதில்லை. நீ ஒரு விரலால் நிறுத்திவிட்டாய். ஆகவே பழைய மன்னர்களைப் போல ஓலை அனுப்புகிறேன். தபால்தலை கேட்டபோது அஞ்சலகத்து அம்மா என்னை ஏதோ கல்வெட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து உன் மூளையைச் சூடாக்காதே. உன் அம்மா, அதாவது என் அக்கா, ரகசியம் காப்பதில் ஓட்டை வாளிக்குச் சமம். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உன் மார்பில் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். ஆனால் ஆரம்பம். கட்டியை மட்டும் வெட்டி எடுத்து, பிறகு கதிர் வைத்தியம் செய்தால் போதும், மார்பே தப்பிக்கும் என்று சொல்லி, டாக்டர் தேதியும் கொடுத்திருக்கிறார். அந்தத் தேதியை நீ கிழித்துப் போட்டுவிட்டாய். இப்போது யாரோ ஒருவரிடம் போகிறாய். அவர் கண்ணைப் பார்த்தே உடம்புக்குள் இருப்பதை எல்லாம் சொல்கிறாராம்.

கண்ணைப் பார்த்து. அக்கா இதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு ஓடுகள் விழுந்தன.

இப்போது நான் கடை கடையாகப் போய்த் தீயணைப்பான் உருளைகளைச் சோதிக்கிறேன் அல்லவா, போன மாதம் ஒரு துணிக்கடையில் பளபளவென்று ஒரு சிவப்பு உருளை. தூக்கிப் பார்த்தால் காற்று மாதிரி இருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. முதலாளி சொல்கிறார்: "சார், பெயின்ட் போன வாரம்தான் அடிச்சோம்." உன் கருவிழிச் சக்கரவர்த்தியும் அந்த ஜாதி உருளைதான். வெளிப் பூச்சு அபாரம். தீப்பிடித்தால்தான் தெரியும்.

உன் நெருப்பு இன்னும் குப்பைக்கூடைக்குள்தான் இருக்கிறது, தையல் பட்டறைக் கத்தரிக்கோலே. ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற வேலை. திரைச்சீலைக்கு ஏறிய பிறகு என்னைப் போன்ற மாவீரர்கள் வந்தாலும் வீட்டில் பாதிதான் மிஞ்சும். திரும்பப் போய் அந்தத் தேதியை வாங்கு.

உன் ஒற்றைக்கண் மாமா


மார்ச் 20

மாமா,

நீங்கள் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று தெரிந்துதான் எண்ணை அடைத்தேன். அடைத்தது சரி என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. என் மார்பில் இருப்பது உங்களுக்குக் குப்பைக்கூடை.

அந்த டாக்டர் அறையில் என்ன நடந்தது என்று அம்மா சொன்னாளா? அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கான்சர்தாம்மா. சின்னதுதான். அடுத்த வாரம் எடுத்துடலாம். வெளிய சிஸ்டர்கிட்ட கையெழுத்து போட்டுட்டுப் போங்க." அவ்வளவுதான். யூனிஃபார்ம் தைக்க வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட நான் அதைவிட அதிக நேரம் கொடுத்து அளவெடுப்பேன். நான் எழுந்து வெளியே வரும்போது அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஐயா அப்படி இல்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு பாரத்தை இத்தனை நாளா தனியாவா சுமந்தீங்க?" மாமா, எனக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன்.

எங்கள் பட்டறையில் என் மேசைக்கு எதிர்மேசையில் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்காவை உங்களுக்குத் தெரியாது. மருந்து ஏற்றி ஏற்றி முடி கொட்டி, நகம் கறுத்து, கடைசியில் போய்விட்டாள். அவள் போன வழியில் நான் போக மாட்டேன். கத்தி பட்டால் பரவும் என்று ஐயா சொல்கிறார். அவர் கொடுத்த சொட்டு மருந்தும், கட்டி மேல் வைக்கிற பத்தும், பச்சை இலைச் சாறும்தான் இப்போது எனக்கு. சமைத்தது எதையும் தொடக் கூடாது.

என் உடம்பு, மாமா. துறை ஆணை எதுவும் தேவையில்லை.

அக்கா மகள்


ஏப்ரல் 2

அன்பு மருமகளுக்கு,

அந்த டாக்டரின் நடத்தையை நான் கண்டிக்கிறேன். என் கையில் ஆட்சி இருந்தால் அவருடைய கம்ப்யூட்டரைப் பிடுங்கி, ஒரு வருடம் பூங்காவில் உட்கார்ந்து எதிரில் வருகிற அத்தனை பேரையும் முகம் பார்த்து நலம் விசாரிக்கும்படி தண்டனை கொடுப்பேன். போதுமா? ஆனால் அவருக்கு வாய் சரியில்லை என்பதற்காக அவர் கத்தியை ஏன் தண்டிக்கிறாய்? என்னை எத்தனையோ மாடியிலிருந்து உயிரோடு இறக்கிய ஏணி ஒருநாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. "எவ்வளவு பாரம் சுமக்குறீங்க மாமா" என்று கேட்டதும் இல்லை.

கத்தி பட்டால் பரவுமாம். இதை உன் சக்கரவர்த்தி எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்? முடிவெட்டும் கடை பெஞ்சிலா? நானே விசாரித்தேன். என் கண்குழியைச் சுத்தம் செய்துவிடும் மருத்துவமனை சிஸ்டர், எதற்கும் சிரிக்காத பெண்மணி, இதற்குச் சிரித்தார். "சும்மா விட்டாத்தான் சார் பரவும்" என்றார். உன் எதிர்மேசை அக்கா எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று கேட்டுப் பார்த்தாயா என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

அழுதாயாம். வெங்காயம்கூட அழ வைக்கும். அதற்காக யாரும் வெங்காயத்தின் முன்னால் சட்டையைக் கழற்றிப் பத்துப் போட்டுக்கொள்வதில்லை.

இலைச் சாறு குடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடுகளுக்குப் போட்டியாக மேய்ந்துகொள். ஆனால் அறுவையும் செய்துகொள்.

மாமா


மே 17

மாமா,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். எதிர்வீட்டு ஓடுகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கட்டி குறைந்துவிட்டது.

நான் நம்பிக்கையில் உளறவில்லை. நான் தலைமை வெட்டுநர். இந்தப் பட்டறையில் அளவு விஷயத்தில் என் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. ஊசி போட்டு வந்த மறுநாளே என் டேப்பை வைத்துக் கட்டியின் குறுக்கும் நெடுக்கும் அளந்து வைத்தேன். எங்கள் தொழிலில் முதல் அளவு இல்லாமல் எதையும் தொடக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், அதே டேப். முதல் மாதத்திலேயே நன்றாகக் குறைந்தது. இன்றைக்கும் அந்த முதல் அளவைவிடக் குறைவுதான். ஐயாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "உங்க கண்ணுல முன்னாடியே தெரிஞ்சுதும்மா" என்றார்.

உடம்பு இளைத்திருக்கிறது, உண்மை. அம்மா அதைச் சொல்லி உங்களிடம் ஒப்பாரி வைத்திருப்பாள். எனக்கு லேசாக இருக்கிறது. படி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அது கழிவு வெளியேறுவதாம்.

டேப் பொய் சொல்லாது, மாமா. உங்கள் சிரிப்பை மடித்து வையுங்கள்.

அக்கா மகள்


ஜூன் 11

அன்பு மருமகளுக்கு,

கீழ்க்கண்ட வரலாற்று நிகழ்ச்சியை நீ நின்றுகொண்டே படிக்கலாம். படித்து முடித்ததும் தானாக உட்கார்ந்துவிடுவாய்.

போன செவ்வாய்க்கிழமை, உலகின் கண்களில் மண்ணைத் தூவிவிட்டு, மாறுவேடத்தில் உன் ஊருக்கு வந்தேன். மாறுவேடம் என்றால் புதுச் சட்டை. மரச்சாமான் கடைக்கு மேலே இருக்கும் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குள் நுழைந்தேன். சுவர் நிறைய ஒரு பெரிய கண் படம். அதைச் சைக்கிள் சக்கரம் போலப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் ஓர் உறுப்பின் பெயர். நாற்காலிகளில் வரிசையாக ஜனங்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஆஸ்பத்திரிக் கவர், ஒட்டியபடி, திறக்காமல்.

என் முறை வந்தது. உள்ளே போனேன். வெள்ளை உடுப்பு, மெல்லிய குரல், சந்தனச் சோப்பு வாசனை. ஆளைப் பார்த்தாலே கடன் கொடுக்கலாம் போலிருக்கும்.

"என்ன சிரமம் பெரியவரே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்? நீங்கதான் கண்ணப் பாத்துச் சொல்லுவீங்கன்னாங்க."

அவருக்கு அது பிடித்துவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்து என் வலது கண் பக்கம் குனிந்தார். என் வலது கண் என்றால் எதுவென்று உனக்குத் தெரியும். வண்ணப்பூச்சுக் கிடங்கு தீயில் கண்ணாடிச் சில்லு பாய்ந்து போன கண். சிறுத்தையோடு கட்டிப்புரண்டபோது போனது என்று உன் பள்ளித் தோழிகளிடம் நான் சொன்ன அதே கண். அதற்குப் பதிலாக இருப்பது தொழிற்சாலையில் வார்த்து, சாயம் தீட்டி, பெட்டியில் வந்த சரக்கு.

அவர் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். கண் விஷயத்தில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

"கல்லீரல் ரொம்பச் சோர்ந்திருக்கு" என்றார்.

"அடடா."

"இந்த ஓரத்துல ஒரு நிழல். இது சிறுநீரகம். இப்பவே கவனிக்கணும். அப்புறம், சின்ன வயசுல உங்களுக்கு ஒரு பெரிய துக்கம். அத நீங்க யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அந்தத் துக்கம் எங்க தெரியுது ஐயா?"

"நடுவுல. கண் பாப்பாவச் சுத்தி ஒரு வளையம்."

அது கண்ணைச் செய்தவன் பிரஷ் எடுக்கும்போது கை நடுங்கிய வளையம், மருமகளே. அவனுக்கு என்ன துக்கமோ.

"இடது கண்ணப் பாக்கலையா?" என்றேன்.

"தேவையில்ல. வலது எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

சொட்டு மருந்து எழுதினார். பத்து எழுதினார். பச்சை இலைச் சாறு எழுதினார். கேட்ட மாதிரி இருக்கிறதா? அப்போதுதான் நான் என் வலது கண்ணைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, அவர் மேசையில் வைத்தேன். "இது இங்கயே இருக்கட்டும் ஐயா. எனக்குக் கீழ ஒரு டீ குடிக்கணும். வரதுக்குள்ள மீதி உறுப்பையும் பாத்து வச்சிடுங்க."

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெள்ளை உடுப்பும் முகமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை.

கண்ணை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெற்றி வீரனாக வெளியே வந்தேன். வெறும் கண்குழியோடு, கண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடை நாடகம் தோற்றது. முடித்துவிட்டுப் பார்த்தால், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஓர் அம்மாள் மட்டும் அசைந்தார். நான் காலி செய்த நாற்காலிக்கு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

என் வாழ்நாளில் எரிகிற வீட்டுக்குள் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

நீயும் அந்த வரிசையில் உட்காராதே. எழுந்திரு.

மாமா


ஜூன் 19

மாமா,

கதை நன்றாக இருந்தது. பட்டறையில் யாருக்காவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த மரச்சாமான் கடையிலிருந்து என் வீடு எவ்வளவு தூரம்? அடுத்த தெரு. மூன்றாவது மாடி. நீங்கள் ரயில் ஏறி வந்து, டீ குடித்து, அந்த மனிதரை அவமானப்படுத்தி, திரும்ப ரயில் ஏறிப் போயிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. மூச்சு வாங்கியது என்று படுத்திருந்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நீங்கள் ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

நீங்கள் என்னைப் பார்க்க வரவில்லை. அவரைப் பார்க்க வந்தீர்கள். என் கட்டி உங்களுக்கு ஒரு நல்ல கதைக்கு டிக்கெட்.

நேற்று ஐயாவிடம் போனேன். நீங்கள் யார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கண்ணாடிக் கண்ணும் உடம்போடயேதான இருக்கு. அதுவும் உடம்போட அதிர்வை வாங்கிக்கும்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தலையாட்டல் எனக்குச் சரியாகப் படவில்லை. இதை உங்களிடம் சொல்லக் காரணம் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்பதல்ல. வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்.

பதில் எழுத வேண்டாம்.


ஜூன் 26

மருமகளே,

பதில் இல்லை இது. ஒரே ஒரு கேள்வி.

நீ எழுதியது சரி. படி ஏறியிருக்க வேண்டும். அடுத்தமுறை ஏறுகிறேன். அது இருக்கட்டும்.

நீ முதல் அளவு எடுத்தது ஊசி போட்ட மறுநாள். சிஸ்டரிடம் சொன்னேன். ஊசி குத்தின இடத்தில் உள்ளே ரத்தம் கட்டி வீங்கும், சில வாரங்களில் தானாக வடிந்துவிடும் என்கிறார். அப்படியானால் நீ அளந்தது எதை?

மாமா


ஆகஸ்ட் 30

மாமா,

உங்கள் கேள்வியைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. ஜூலையில் கட்டி பெரிதாகத் தொடங்கியது. ஐயாவிடம் சொன்னேன். "கெட்டது வெளிய வரதுக்கு முன்னாடி வீங்கும்மா. நல்ல அறிகுறி" என்றார். குறைந்தபோதும் அவருக்கு வெற்றி, வளர்ந்தபோதும் அவருக்கு வெற்றி. எங்கள் பட்டறையில் இப்படி ஒரு ஆள் இருந்தால் மதியத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். நான் மேலும் சில வாரம் சாறு குடித்தேன்.

போன வாரம் ஒரு காவலாளிகள் கம்பெனிக்குத் தைத்த கால்சட்டைகள் அத்தனையும் மூட்டையாகத் திரும்பி வந்தன. ஒருமுறை துவைத்ததுமே எல்லாம் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டன. முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெட்டியது என் மேசையில். புதிதாக வந்தவர் துணியை நனைத்துக் காயப்போடாமல் அப்படியே விரித்து அளந்து வெட்டியிருக்கிறார். நான் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நனைக்காத துணியில எடுத்த அளவு ஒரு அளவா? அது இப்ப இருக்கிற மாதிரியா நாளைக்கு இருக்கும்? தண்ணி பட்டா சுருங்கும்னு தெரியாது? முதல் அளவே தப்பா இருந்தா அதுக்கப்புறம் நீ எத்தன தடவ சரியா அளந்து என்ன பிரயோஜனம்?"

அவர் தலைகுனிந்து நின்றார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கையில் டேப் இருந்தது. பட்டறை முழுக்க மெஷின் சத்தம் நின்று எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சொன்னது எல்லாம் எனக்குத்தான்.

வீங்கியிருந்ததை அளந்து வைத்துக்கொண்டு, வீக்கம் வடிந்ததை மருந்து என்றேன். இந்த ஊரில் யாருக்கும் வராத தப்பு இது. அளக்கத் தெரிந்தவளுக்கு மட்டும் வரக்கூடியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டர். அதே கம்ப்யூட்டர். என் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேரமானது. பிறகு நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். அவர் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏம்மா வரல?"

நான் கம்ப்யூட்டரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"அக்குள் வரைக்கும் போயிருக்கு. இப்பவும் வைத்தியம் இருக்கு. ஆனா அன்னிக்குச் சொன்ன வைத்தியம் இல்ல. முதல்ல மருந்து ஏத்தணும். அப்புறம் அறுவை. மார்ப முழுசா எடுக்க வேண்டியிருக்கும். இளைச்சும் போயிருக்கீங்க, முதல்ல சாப்பிடுங்க."

எதிர்மேசை அக்காவைப் பற்றியும் அவள் வீட்டில் போய்க் கேட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே எலும்புக்கு ஏறியிருந்ததாம். அதற்கு முன்னால் ஒரு வருடம் யாரோ கொடுத்த பொடியைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். இதை யாரும் பட்டறையில் சொல்லவில்லை.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இப்போதைக்குப் பேச வேண்டாம். குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதுங்கள்.

அக்கா மகள்


செப்டம்பர் 4

கத்தரிக்கோலுக்கு,

"அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தை நான் ஒரு பெட்டியில் போட்டு, ஆணி அடித்து, எங்கள் நிலையத்தின் மிக உயரமான ஏணியில் ஏறி மேகத்துக்குள் வீசிவிட்டேன். அது யார் தலையில் விழுந்தாலும் நான் பொறுப்பல்ல. கருவிழிச் சக்கரவர்த்தியின் தலையில் விழுந்தால் ஒரு விடுமுறை அறிவிப்பேன்.

அந்த ஆளைப் பற்றி எழுத எனக்கு ஆறு தொகுதி வேண்டும். தீ வைப்பவனைக்கூட நான் புரிந்துகொள்வேன். அவன் கிறுக்கன், சாம்பலைப் பார்க்க ஆசைப்படுகிறான். இவர் அப்படி இல்லை. எரிகிற வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களிடம் "புகை வருது பாருங்க, அதான் நெருப்பு வெளிய போகுது" என்று மெல்லிய குரலில் சொல்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். வீடு விழுந்ததும் அடுத்த தெருவுக்கு நாற்காலியை மாற்றிக்கொள்கிறார்.

சரி, அவர் கிடக்கட்டும். சனிக்கிழமை வருகிறேன். சமையல் என் பொறுப்பு. எங்கள் நிலையத்தில் நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க மனம் இல்லாமல் ஒரு குழுவே மணி அடித்தும் உட்கார்ந்திருந்தது. (மணி அடித்தது ஒத்திகைக்கு.) உன்னைப் பழைய எடைக்குக் கொண்டுவருவதை அரசாங்கத் திட்டமாக அறிவித்திருக்கிறேன். சாறு பிழியும் கருவியை நான் வருவதற்குள் ஜன்னல் வழியாக வெளியேற்றவும். கீழே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு வெளியேற்றவும்.

மருந்து ஏற்றும் நாளில் பக்கத்து நாற்காலியில் நான். கிண்டல் வேண்டுமென்றால் கிண்டல், வாயை மூடு என்றால் மூடிக்கொள்வேன். இரண்டாவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. டிக்கெட் வைத்துக் காட்டலாம்.

மாமா


நவம்பர் 22

மாமா,

நீங்கள் ஊருக்குப் போன பிறகு வீடு காதுக்குச் சுகமாக இருக்கிறது. அம்மா மட்டும் யாரும் சத்தம் போடாமல் சாப்பாடு இறங்கவில்லை என்கிறாள். அறுவை அடுத்த மாதம். மருந்துக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. இந்த முறை நான் அளக்கவில்லை, படம் எடுத்துப் பார்த்தார்கள். அறுவை முடிந்து என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் பொய் சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார். அவரிடம் இப்போது எனக்குப் பிடித்தது அதுதான்.

எழுத வேண்டிய விஷயம் இது. உங்கள் சக்கரவர்த்தி எனக்கு முடிசூட்டிவிட்டார்.

மே மாதத்தில், கட்டி குறைந்துவிட்டது என்று நான் குதித்த அன்று, நினைவுக்கு என்று சொல்லி என்னை ஒரு போட்டோ எடுத்தார். உங்களிடம் சொல்லவில்லை. அதை இப்போது துண்டுப் பிரசுரமாக அடித்து ஊர் முழுக்க வினியோகிக்கிறார். சிரித்துக்கொண்டு நிற்கிறேன், தலை நிறைய முடியோடு. கீழே, "கத்தியின்றிக் குணமடைந்த சகோதரி." விசாரிக்க என் போன் எண்ணும் போட்டிருக்கிறார். நான் உயிரோடு இருந்து போனை எடுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அல்லது எடுத்தாலும் எவள் இதை வெளியே சொல்லுவாள் என்று நினைத்திருப்பார். அந்த இரண்டாவது கணக்கு சரியான கணக்குதான். மே மாதத்து என்னை அவர் நன்றாகத்தான் படித்திருக்கிறார், கண்ணைப் பார்க்காமலே.

போன் வரத் தொடங்கியது. பட்டறையில் இருக்கும்போது வருகிறது, வாந்தி எடுக்கும்போது வருகிறது. எல்லாருக்கும் உண்மையைச் சொன்னேன். ஒருவர் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். இன்னொரு அம்மா, "உங்களுக்கு எவ்வளவு குடுத்து இப்படிப் பேசச் சொன்னாங்க?" என்று கேட்டார். அவமதிப்பதில் நீங்கள் எல்லாம் அவர் கால் தூசி.

நேற்றைக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு போன். சின்னக் குரல்.

"அக்கா, நோட்டீஸ்ல இருக்கிறது நீங்கதான? முகத்துல என்ன ஒரு தெளிவு. எனக்கும் அதே இடத்துலதான். சின்னதுதானாம், எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. ஐயாகிட்ட வரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். போனில் சொல்லி ஒருத்தியும் நம்பவில்லை. "ஒரு வார்த்த போன்ல வேண்டாம்மா, நேர்ல வந்து பாரு. நாளைக்கு மறுநாள் காலைல" என்று சொல்லி எனக்கு மருந்து ஏற்றும் வார்டுக்கு வழி சொன்னேன். ஆஸ்பத்திரி என்றதும் தயங்கினாள். "எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு" என்றேன்.

இன்று வந்தாள். என்னைவிட வயது குறைவு. கையில் அந்த நோட்டீஸ், மடங்காமல் பிடித்திருந்தாள். வாசலில் நின்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். வார்டின் கடைசி வரை போய்த் திரும்பினாள். மறுபடியும் என்னைத் தாண்டிப் போய் சிஸ்டரிடம் நோட்டீஸைக் காட்டி, "இவங்க இன்னிக்கு இங்க வரேன்னு சொன்னாங்க, வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலைத் துணியை எடுத்துவிட்டேன்.

"இங்க வாம்மா. நான்தான்."

அவள் நோட்டீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. உங்களைப் போலப் பிரசங்கம் செய்யவில்லை, அவளைச் சிரிக்க வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார் என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்தாள். பையில் ஒட்டியபடி ஓர் ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது. என் மருந்துப் பை பாதி காலியாகும் வரை பக்கத்திலேயே இருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன், நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு எழுந்து நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"உங்க டாக்டர் எந்த ரூம்லக்கா இருக்காரு?"

அக்கா மகள்